நாலு மாத்திரை குறைகிறது

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழாவது குறுக்குத் தெருவுக்கு மார்க் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருவது போலத்தான், ஆனால் தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே எண். அது முதலில் வளர்மதியின் கைப்பேசிக்கு வரும், ஏனென்றால் அவள்தான் அந்தத் தெருவின் நலத் தோழி. சம்பளம் கிடையாது. ஒரு நீலச் சேலை, கழுத்தில் மாட்ட ஓர் அட்டை, யார் வீட்டிலும் அடுப்படி வரை நேராகப் போகும் உரிமை, இவ்வளவுதான். அந்தக் கடைசி உரிமை அட்டையோடு வந்ததல்ல, அவளாக எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு வந்த எண் எண்பத்து நான்கு. அதற்குக் கீழே வழக்கமாக இல்லாத ஒரு வரியும் இருந்தது. ‘மூன்று வாரத்துக்குள் தொண்ணூறை எட்டாவிட்டால் நல மையம் தகுதியுள்ள வேறு தெருவுக்கு மாற்றப்படும்.’

வளர்மதி அதை இரண்டு தரம் படித்துவிட்டு, கூடத்தில் கட்டிலில் படுத்திருந்த கணவரைப் பார்த்தாள். தனபால் மின்சாரப் பேருந்து ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. வாரம் மூன்று தடவை ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொள்ளாவிட்டால் ஆள் இல்லை. அதற்கான இயந்திரம் நகரத்தின் மறுகோடிப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இரண்டு பஸ் மாறிப் போய், நாள் முழுக்கக் காத்திருந்து, திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டிலேயே ஒருமுறை சுருண்டு விழுந்தார். பிறகுதான் தெருக்கோடி நல மையத்தில் இரண்டு இயந்திரம் வந்தது. இப்போது லுங்கியோடு நடந்து போய் நடந்து வருகிறார். மையம் போனால் இவரும் போய்விடுவார் என்று வளர்மதிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மையம் சும்மா வந்ததல்ல. தெருவின் பாதாளச் சாக்கடை மூடிக்கு அடியில் மக்கள் நல ஆணையம் ஒரு கருவி வைத்திருக்கிறது. காகிதத்தில் அதற்கு முழ நீளத்துக்கு ஒரு பெயர். தெருவில் எல்லோரும் மூக்கு என்பார்கள். அரசு மருந்தகத்தில் இலவசமாக வாங்கிப்போகும் மாத்திரையை ஜனங்கள் விழுங்குகிறார்களா, டப்பாவில் போட்டு வைத்துப் பூசை செய்கிறார்களா என்று மோந்து பார்ப்பது அதன் வேலை. உடம்புக்குள் போய் வெளியே வந்த மருந்தை அது அறியும். வாங்கியதில் நூற்றுக்குத் தொண்ணூறு உள்ளே போன தெருவுக்கு நல மையம் கிடைக்கும். சாக்கடைக்கு மூக்கு வைத்த அரசாங்கம் என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருடத்தில் பக்கவாதத்தில் விழுகிறவர்கள் பாதியாகக் குறைந்ததும் சிரிப்பு நின்றது. போன வருடம் தொண்ணூற்றேழு வாங்கி இந்தத் தெருவுக்கு மையத்தைக் கொண்டுவந்தவள் வளர்மதி. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

வார்டு அலுவலகத்தில் நிரஞ்சனா என்ற பெண் இருந்தாள். ஆணையத்தின் கணக்கு அதிகாரி. வயது இருபத்தாறுக்கு மேல் இராது. திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“எல்லா மருந்தும் சரியாத்தான் இருக்குக்கா. சுகர் மாத்திரை சரி, தைராய்டு சரி. பி.பி. மாத்திரை மட்டும்தான் குறையுது. ஏழு மாசமாச் சரிஞ்சுக்கிட்டே வந்து இப்ப எண்பத்து நாலுல நிக்குது. எந்த மருந்து ரொம்பக் குறையுதோ அதுதான் தெருவோட மார்க். உங்க தெருவுல பதினெட்டுப் பேர் வாங்குறாங்க. ஒரு நாளைக்கு மொத்தம் இருபத்தஞ்சு மாத்திரை. இருபத்தொண்ணுதான் வெளிய வருது.”

“அப்ப நாலு மாத்திரை யாரோ முழுங்கல.”

“கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“யாருன்னு சொல்லுங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

நிரஞ்சனா சிரித்தாள். “அது எங்களுக்கே தெரியாதுக்கா. வீட்டுக்கு வீடு மூக்கு வைக்கச் சட்டம் இடம் குடுக்காது. மனுஷனோட அந்தரங்கம்னு கோர்ட்டுலயே சொல்லிட்டாங்க. தெருவுக்கு ஒண்ணுதான் வைக்கலாம்.”

“வேலைக்குப் போறவங்க வெளியில ஒதுங்குவாங்களே? அது?”

“அதெல்லாம் கழிச்சுத்தான் கணக்கு. மாத்திரையை நேரா கக்கூஸ்ல போட்டு ஏமாத்தலாம்னு பாத்தாலும் முடியாது. உடம்புக்குள்ள போய் மாறி வந்தாத்தான் ஒத்துக்கும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “வீட்டுப் பேர நாங்க கேக்கக் கூடாது. ஆனா தெருவே தானா முன்வந்து ஏதாவது எழுதிக் குடுத்தா, தெருப் பரிந்துரைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல ஏத்திக்கலாம்.”

அரசாங்கம் யாரையும் சந்தேகப்படாது என்பதில் சட்டம் கண்டிப்பாக இருந்தது. அந்த வேலையைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது.

திரும்பி வரும் வழியிலேயே வளர்மதிக்குப் பதினெட்டுப் பேரும் மனத்தில் வரிசையாக வந்து நின்றார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாத்திரை. தனபாலுக்கு நாலு, சிறுநீரகம் போனபிறகு டாக்டர் ஒன்றை நாலாக்கியிருந்தார். அதைத் தினமும் அவளே கையில் கொடுத்து, அளந்து வைத்த அரை டம்ளர் தண்ணீரில் விழுங்குவதைப் பார்க்கிறாள். ஆகவே அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். மற்றவர்களில் நாலு மாத்திரை ஒரே வீட்டில் இருப்பது ஒன்பதாம் நம்பரில்தான். அருளப்பனுக்கு இரண்டு, அவர் மனைவி செசிலிக்கு இரண்டு. அவர்கள் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. மார்க் சரியத் தொடங்கி ஏழு மாதம்.

வளர்மதி நடுரோட்டில் நின்றுவிட்டாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒன்பதாம் நம்பர் வீட்டின் சொந்தக்காரி ஜமுனா எதிர்வீட்டில் இருந்தாள். மையம் இருக்கும் தெரு என்று சொல்லியே வாடகையை ஏற்றியவள். மையம் போனால் அவளுக்கும் நஷ்டம்தான். விஷயத்தைக் கேட்டதும் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

“நான் அன்னிக்கே நெனச்சேன் வளரு. அந்தம்மா சனிக்கிழமை தவறாம மணப்பாறை பஸ்ஸுல ஒரு பார்சல் குடுத்து விடுது. மக அங்க இருக்காளாம். அந்த ஊர் மருந்தகத்துல ஆறு மாசமா பி.பி. மாத்திரை இல்லைன்னு என் நாத்தனார் சொன்னா.”

“பார்சல்ல என்னன்னு பாத்தீங்களாக்கா?”

“பாக்கணுமா? நெருப்பில்லாமப் புகையுமா?”

அன்றிலிருந்து வளர்மதியின் கண்ணுக்கு ஒன்பதாம் நம்பர் வீடு மட்டும்தான் தெரிந்தது. செசிலி குப்பை கொட்டினால் கவரின் அடியில் மாத்திரைப் பட்டை மினுங்குகிறதா என்று பார்த்தாள். அருளப்பன் வாசலில் எச்சில் துப்பினால் துப்பியது எச்சில் மட்டும்தானா என்று பார்த்தாள். அந்த வீட்டு முருங்கைக்கு இரண்டு கிளை பட்டுப்போயிருந்தது. மாத்திரையை வேரில் புதைக்கிறார்களோ என்று அதையும் ஒருநாள் போய்க் கிளறினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு முருங்கைமரம்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஜமுனாவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். அருளப்பன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்து மூன்று வயதிலும் முதுகு வளையவில்லை. மாத்திரையைக் கிழமை வாரியாக அறை பிரித்த டப்பாவில் வைத்திருந்தார்.

“ஐயா, தெருவுக்கு மார்க் குறையுது. எல்லார் வீட்டுலயும் ஒரு பார்வை பாக்குறோம்” என்றாள் வளர்மதி. எல்லார் வீட்டிலும் பார்க்கவில்லை.

“பாத்துக்கம்மா. மடியில கனமில்ல, வழியில பயமில்ல” என்று அவர் இரண்டையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். செசிலியும் விழுங்கினார்.

வெளியே வந்ததும் ஜமுனா, “நாக்குக்கு அடியில ஒதுக்கிக்கறது பெரிய வித்தையா?” என்றாள்.

மறுநாள் வளர்மதி போனபோது தண்ணீர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள். “ஐயா, வாயக் கொஞ்சம் திறங்க.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“நாக்கத் தூக்குங்க. ரெண்டு பக்கமும் காட்டுங்க.”

கம்பத்தின் உச்சியில் நின்று நாற்பது வருடம் வேலை பார்த்த மனிதர், தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மகள் வயதுப் பெண்ணுக்கு முன்னால் வாயைத் திறந்தார். கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. நாக்கைத் தூக்கினார். வளர்மதி கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. செசிலியின் முறை வந்தபோது அந்த அம்மாள் கேட்டார்.

“எங்க மேல மட்டும் ஏம்மா?”

“சும்மா ஒரு வழக்கத்துக்குத்தாம்மா.”

“சனிக்கிழமை பார்சல ஜமுனா மோந்து பாக்குறா. கருவேப்பிலைப் பொடி அது. என் மகளுக்கு ரத்தம் இல்ல. வேணும்னா பிரிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

வளர்மதிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் முகம் நினைவுக்கு வந்ததும் கூச்சம் போய்விடும். தினமும் போனாள். திங்கட்கிழமை மார்க் வந்தது. அதே எண்பத்து நான்கு.

கண் முன்னால் விழுங்கியும் எண் ஏறவில்லை என்றால், அவர்கள் மேல் தப்பில்லை என்று ஒருவர் நினைக்கலாம். சந்தேகம் அப்படி நினைக்க விடாது. நாம் போனபிறகு விரலை விட்டுக் கக்கிவிடுகிறார்கள் என்று ஜமுனா சொன்னாள். வளர்மதிக்கு அது நியாயமாகப் பட்டது. அன்று மாலை உட்கார்ந்து ஆணையத்துக்குத் தெருப் பரிந்துரை எழுதினாள். ஒன்பதாம் நம்பர் வீட்டின் மேல் ஐயம். காலையில் நேரம் குறித்துப் போவது, சாட்சியோடு போவது, தண்ணீர் குடித்தபின் வாயைத் திறக்கச் சொல்வது, நாக்கின் அடியில் விளக்கடித்துப் பார்ப்பது எல்லாவற்றையும் வரிசையாக, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். எட்டாம் வகுப்பில் கட்டுரைப் பரிசு வாங்கியவள்.

தனபாலிடம் படித்துக் காட்டினாள். அவர் மோட்டுவளையைப் பார்த்தபடி கேட்டார்.

“வளரு, அந்தாளு நல்லவராத்தான் தெரியறாரு. தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா நீங்க இருக்கீங்க. சரியா இருந்து நான் வாய மூடிக்கிட்டா நீங்க இல்ல. எது வேணும்?”

அவர் தாகமாக இருக்கிறது என்றார். அன்றைய தண்ணீர்ப் பங்கு முடிந்துவிட்டது என்று அவள் ஒரு துண்டு ஐஸ்கட்டியை வாயில் வைத்தாள்.

மிச்சத்தை ஜமுனா பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், காலி செய்து கொடுங்கள் என்றாள். அந்தப் புதன்கிழமையே ஒரு குட்டி யானை வண்டியில் பீரோவும் கட்டிலும் ஏறின. தெருவில் யாரும் கைகொடுக்கப் போகவில்லை. அருளப்பன் வண்டிக்காரரோடு சேர்ந்து தானே கயிறு கட்டினார். லைன்மேன் முடிச்சு, அவிழாது. செசிலி வளர்மதியின் வீட்டைக் கடக்கும்போது தலையைத் திருப்பவில்லை. வளர்மதி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, அப்பாடா என்று நினைத்தாள். மனசார நினைத்தாள்.

இனிப் பதினாறு பேர், இருபத்தொரு மாத்திரை. இருபத்தொன்றும் விழுங்கப்படுகிறது. ஆகவே நூறு வரும். திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கே கைப்பேசியோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எண்பத்து ஒன்று வந்தது.

கூடிப்போகவேண்டிய எண் இறங்கியிருந்தது. கருவி பழுது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு தினக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் முதுகில் பென்சிலால் போட்டுப் பார்த்தாள். இருபத்தொன்றில் எண்பத்தொரு சதவீதம் என்றால் பதினேழு. இப்போதும் நாலு குறைகிறது. போன வாரம் இருபத்தொன்று வந்தது, இந்த வாரம் பதினேழு. அப்படியானால் போகும்போது அவர்கள் நாலு மாத்திரையைக் கூடவே கொண்டுபோய்விட்டார்கள். விழுங்கிய மாத்திரை நாலை. ஒருநாள் தவறாமல், ஒன்று குறையாமல், அந்த இரண்டு பேரும் விழுங்கியிருக்கிறார்கள்.

வளர்மதி பென்சிலைக் கீழே வைத்தாள். அந்தக் கடைவாயும், தூக்கிய நாக்கும், கைப்பேசி வெளிச்சமும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜமுனா வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னுமா குறையுது? அப்ப பதினாலாம் நம்பர் சுகந்தியா இருக்குமோ? அவ இப்பல்லாம் யார்கிட்டயும் பேசறதில்ல, கவனிச்சியா?” என்றாள். வளர்மதி காலண்டர் தாளை மடித்துக்கொண்டாள். அடுத்த வீடு ரெடி என்பது புரிந்தது.

செவ்வாய்க்கிழமை தனபாலுக்கு மையத்தில் முறை. டெக்னீஷியன் ஷபீர் ஊசிகளைச் செருகி இயந்திரத்தை ஓடவிட்டான். நாலு மணி நேரம் ஓடும். வழக்கமாக வளர்மதி அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வருவாள். அன்று போக மனம் வராமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து, சிவப்புக் குழாய் உள்ளே போவதையும், இன்னொரு தடித்த குழாய் இயந்திரத்தின் பின்பக்கமிருந்து சுவருக்குள் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஷபீர், இந்தக் குழாய்ல என்னப்பா போகுது?”

“கழிவுதான்க்கா. கிட்னி வேலைய மிஷின் செய்யுது. அண்ணன் ரத்தத்துல இருக்கற உப்பு, விஷம், மருந்து மிச்சம் எல்லாம் இதுலதான் வெளிய போகுது.”

“மருந்துமா?”

“பின்ன? அண்ணனுக்கு ஒண்ணுக்கே நின்னு போச்சே. வேற எந்த வழியா போகும்?”

வளர்மதி மெதுவாகக் கேட்டாள். “இது போய்ச் சேர்றது தெருச் சாக்கடைக்குத்தானே?”

“ஐயோ இல்லக்கா. ஆஸ்பத்திரிக் கழிவு. தெருக் குழாய்ல விடக் கூடாது. பின்னாடி தனித் தொட்டி. லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகும்.”

தனபால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். காலையில்தான் நாலு மாத்திரையும் அவள் கையிலிருந்து வாங்கி விழுங்கியிருந்தார். ஊரார் வாயையெல்லாம் விளக்கடித்துப் பார்த்தவள், தினமும் காலையில் தன் உள்ளங்கையில் இருந்ததை எண்ணவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கண்ணைத் திறக்காமலே, “நாந்தானா அது?” என்றார்.

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்படியே எழுந்து வார்டு அலுவலகத்துக்குப் போனாள். நிரஞ்சனா முழுக்கக் கேட்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று வளர்மதி எதிர்பார்த்தாள். வரவில்லை.

“சமன்பாடு போட்ட காலத்துல தெருவுக்குள்ள டயாலிசிஸ் கிடையாதுக்கா. பெரிய ஆஸ்பத்திரில மட்டும்தான் இருந்துச்சு. அதனால அதை யாரும் யோசிக்கல. அடுத்த நிதியாண்டுல திருத்துவாங்க.”

“அடுத்த வாரம் மையம் போகுதும்மா.”

“ஒரு வழி இருக்கு. அண்ணன் பேர தெருப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டா மார்க் நூறாயிரும். மையமும் இங்கயே இருக்கும்.”

“எடுங்க.”

“ஆனா எந்தத் தெருப் பட்டியல்லயும் இல்லாதவங்களுக்கு எந்த மையத்துலயும் வைத்தியம் கிடையாது.”

எழப்போன வளர்மதி மறுபடி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். “இந்த மாதிரி டயாலிசிஸ் மையம் இருக்கற தெரு நம்ம ஊர்ல எத்தனை?”

“முப்பத்தெட்டு.”

“அதுல எத்தனை தெருவுக்கு பி.பி. மாத்திரை குறையுது?”

நிரஞ்சனா கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “முப்பத்தாறு.”

“மீதி ரெண்டு?”

“அங்க இன்னும் நோயாளி யாரும் சேரலக்கா.”

நோயாளி இருக்கும் தெருவிலிருந்து மையம் எழுந்து நோயாளி இல்லாத தெருவுக்குப் போகிறது. இயந்திரத்துக்கு ஓய்வு, செலவும் மிச்சம். இது யாரும் யோசிக்காமல் நடந்த தவறா, யாரோ உட்கார்ந்து யோசித்து விட்டுவைத்த தவறா? வளர்மதிக்குத் தெரியவில்லை. சந்தேகப்பட்டாள். ஆனால் சந்தேகத்தை நம்பி ஒரு வீட்டையே கிளப்பியவளுக்கு அதைப் பெரிதாகப் பேச வாய் வரவில்லை.

“சரி, நான் எழுதிக் குடுத்த பரிந்துரையையாவது திருப்பிக் குடுங்க. அது பொய்யாப் போச்சு.”

“அத வாபஸ் வாங்க வழி இல்லக்கா. நீங்க கவலப்படாதீங்க, மேல அத ரொம்ப நல்லாத்தான் எடுத்துக்கிட்டாங்க. எழுத்து தெளிவா இருக்குன்னு டைரக்டரே பாராட்டினாராம்.”

வளர்மதி தெருவில் எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொன்னாள். அதை அவள் செய்யாமல் இருந்திருக்கலாம். சுகந்தியின் வீட்டு வாசலில் ஜமுனா இரண்டு நாளாக நின்று பேசுவதைப் பார்த்தபின் முடியவில்லை. கூட்டத்தில் யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், பேரை எடுத்துவிட்டால் தெருவாவது பிழைக்குமே என்று தொடங்கினார். தனபால் எழுந்து நின்று, “எடுத்துருங்கப்பா” என்றார். அவர் நின்ற நிலையைப் பார்த்தபின் அந்தப் பேச்சை யாரும் தொடரவில்லை. ஜமுனா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேர் பட்டியலிலேயே இருந்தது. மையம் போயிற்று.

போன இடம் பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால், காவிரிக்கரைப் பக்கம் ஒரு தெரு. வெளித்தெரு நோயாளிக்கு அங்கே மூன்று முறை கிடையாது, இரண்டுதான்; அதுவும் காலை ஆறரை மணிக்கு. முதல் நாள் ஆட்டோவில் போய் இறங்கும்போதே தனபாலின் கால் வீங்கியிருந்தது. இயந்திரத்தில் படுக்கவைத்துவிட்டு, வளர்மதி காற்றுக்காக வெளியே வந்து நின்றாள். கழுத்தில் நலத் தோழி அட்டை தொங்கியது. அது இருந்தால்தான் துணைக்கு வந்தவரை உள்ளே விடுவார்கள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் நாற்காலியில் அருளப்பன் உட்கார்ந்திருந்தார்.

வளர்மதி யோசிக்காமல் தெருவைக் கடந்துவிட்டாள். வாசலில் போய் நின்றபிறகுதான் என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தாள். செசிலி அவளைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குள் பின்னாலிருந்து நீலச் சேலை கட்டிய ஒரு இளம்பெண் வந்தாள். கையில் பதிவேடு.

“வாங்கக்கா, நீங்களும் தோழியா? நல்லதாப் போச்சு. நான் இலக்கியா, இந்தத் தெரு. சாட்சிக்கு வர்ற அக்கா ஊருக்குப் போயிட்டாங்க, என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்.” அவள் அட்டையைப் படித்தாள். அவள் முகம் மலர்ந்தது. “வளர்மதி, ஏழாவது குறுக்குத் தெரு. நீங்களா அது? பயிற்சியில உங்க பேரச் சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. போன வாரம் கைப்பேசிக்கு வந்த கைப்புத்தகத்துல பன்னெண்டாம் பக்கம், வளர்மதி முறைன்னே போட்டிருக்கு. இப்ப எல்லாத் தெருவுலயும் இதான்க்கா.”

வளர்மதி அட்டையைக் கையால் மூடிக்கொண்டாள். “இல்லம்மா. அது தப்பு. நான் எழுதினது தப்பு. இவங்க மேல எந்தக் குத்தமும் இல்ல. இவங்க எப்பவும் ஒழுங்கா முழுங்கினவங்க.”

“தப்பா?” இலக்கியா சிரித்தாள். “இவங்க வர்றதுக்கு முன்னாடி எங்க தெரு எண்பத்தொம்பதுல நின்னுது. இவங்க வந்தாங்க, நான் தினம் காலையில வாயப் பாக்க ஆரம்பிச்சேன், அடுத்த வாரமே தொண்ணூத்தொண்ணு. அதனாலதானே மையமே எங்களுக்குக் கிடைச்சுது.”

“நீ பாத்ததால ஏறலம்மா. அவங்க முழுங்கறதால ஏறுது. பாக்காட்டியும் முழுங்குவாங்க.”

“அத யாருக்கா ரிஸ்க் எடுத்துச் சோதிச்சுப் பாக்கறது?” என்று இலக்கியா கள்ளமில்லாமல் கேட்டாள்.

வளர்மதி அருளப்பனின் பக்கம் திரும்பினாள். அவரைக் கும்பிட்டாள். “ஐயா, குறைஞ்ச நாலு மாத்திரை எங்க வீட்டுதுதான். என் வீட்டுக்காரரோடது. எனக்குத் தெரியாமப் போச்சு.”

“எனக்குத் தெரியும்மா” என்றார் அவர். “உன் வீட்டுதுன்னு தெரியாது. நான் முழுங்கினது எனக்குத் தெரியாதா?” குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. எதிரே மையத்தின் ஜன்னலைப் பார்த்தார். “அவருக்கு இப்ப எப்படி இருக்கு?”

“ரெண்டு தடவைதான் குடுக்கறாங்க.”

“பத்தாதே” என்றார்.

இலக்கியா பதிவேட்டைத் திறந்து வளர்மதியிடம் நீட்டினாள். “நேரமாகுதுக்கா. ஏழரைக்குள்ள ஏத்தணும். சாட்சிக் கையெழுத்து இல்லைன்னா இன்னிக்கு ரெண்டு பேரும் முழுங்கலைன்னு பதிவாயிரும். மூணு நாள் அப்படி ஆச்சுன்னா மருந்தகத்துல மாத்திரையே நிறுத்திருவாங்க. நீங்க பாத்துட்டுப் போடுங்க.”

வளர்மதி பேனாவை வாங்கவில்லை. உள்ளேயிருந்து செசிலி வந்தார். யாரையும் பார்க்காமல் தன் இரண்டு மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு பக்கமும் காட்டிவிட்டு அதே வேகத்தில் உள்ளே போய்விட்டார். அருளப்பன் தண்ணீர் குடித்து முடித்தார்.

“போடும்மா. இந்தப் பொண்ணுகிட்ட வீம்பு காட்டி என்ன ஆகப்போகுது? மாத்திரை நின்னா எனக்குத்தான் கஷ்டம்” என்றார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெளிச்சத்துக்காக முகத்தை வளர்மதியின் பக்கம் திருப்பி, வாயைத் திறந்தார்.

அவள் பேனாவை வாங்கினாள். சாட்சி கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை வாயை மூடக் கூடாது என்று விதியில் இருந்ததால், இனிஷியலை விட்டுவிட்டு வேகமாகப் போட்டாள்.